நல்ல பெல்லம்

தெலுங்கு நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் தொடக்கத்திலேயே தடுமாறும் சொற்களுள் 'நல்ல' என்பதும் ஒன்று. நம் மொழியில் அதன் பொருள் சிறந்தது என்பது. அவர்கள் மொழியிலோ கறுப்பு என்பது. தடா கடைத்தெருவில் வெல்லம் வாங்கச் சென்ற நம்மவர் அம்மையார் ஒருவரிடம் கடைக்காரர், "நல்ல பெல்லம் வத்தம்மா" என்று அன்போடு தடுத்தாராம். நல்ல வெல்லத்தை வேண்டாமென்று சொல்லும் வணிகரை அவ்வம்மையார் அதுவரை கண்டதில்லை. மஞ்சளாய்ப் பளபளத்த வேறொன்றை அவர் எடுத்துக் கொடுக்க, வாங்கி வந்து, நம் இல்லத்தாரிடம் சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம். பின்னர் இவ்விஷயத்தைச் சற்று ஆராயப் புகுந்தபோது, கடைக்காரர் விலக்கிய அவ்வெல்லத்திற்குத் தெலுங்குப் பொருளோடு தமிழ்ப் பொருளும் பல வேளைகளில் பொருந்தும் எனத் தெரிய வந்தது. அஃது எங்ஙனம் என்பதை அன்பர்களுக்கு, சிறப்பாகத் தாய்மார்களுக்கு, எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாம் வாழும் இப்பகுதியின் வரலாறு பலருக்குத் தெரிந்ததே. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை மாற்றப்பட்டபோது திருத்தணி சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி ஆந்திரத்திற்கு வந்தது. சத்தியவேட்டுப் பக்கத்து முதியவர்கள் இரு மொழியும் கலந்து பேசுவதற்கு அதுவே காரணம். 2008-இல் ஸ்ரீ சிட்டி எழுந்த பிறகு நம்போன்றோர் வேலையின் பொருட்டு வந்து சேர்ந்தோம். 2022-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்து, ஸ்ரீ சிட்டி திருப்பதி மாவட்டத்தில் அடங்கிற்று. ஆயினும் வெல்லத்தின் புகழ் சித்தூருக்கே உரியது. ஆந்திரத்தில் வெல்லம் என்றால் வடக்கே அனகாபல்லி, தெற்கே சித்தூர் என்று வணிகர் சொல்லுவர்.

நாம் இரயில்வேயில் சாமான் பதியும் குமாஸ்தா. மூட்டைக்குள் இருப்பதை மூக்கால் அறியும் பழக்கம் இத்தொழிலில் தானே வந்துவிடும். ஒரே பருவத்தில் காய்ச்சிய வெல்லமாயினும் ஒரு மூட்டை மழை நாளில் நீர்விட்டுச் சாக்கை நனைக்கும். மற்றொன்று கல்போல் இறுகியிருக்கும். இந்த வேறுபாட்டின் காரணத்தை எடைக்கட்டணம் எழுதும் நமக்கு யார் சொல்லப் போகிறார்கள்? முந்திய ஆண்டு மார்கழியில் இரண்டு நாள் விடுப்புக் கிடைத்தது. திருப்பதி போய், அங்கிருந்து பாகாலா வழியாகச் சித்தூருக்கு வண்டி ஏறினோம். உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் உறவினர், நகருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் ஆலை வைத்திருக்கிறார். கானுகா என்பது அவர்கள் வழக்கு. அறுபத்தைந்து வயதிருக்கும். தாய்வழியில் தமிழ் அறிந்தவர்.

கரும்பு ஆலையில் நசுங்கிச் சாறு வழிவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அது பெரிய வித்தையன்று. வித்தை முழுவதும் கொப்பரையில் இருக்கிறது. பிழிந்த சாறு தெளிந்த நீரன்று. அதில் சக்கைத் தூள், மண், கரும்பின் தோலிலுள்ள மெழுகு, பிசின், முட்டையின் வெள்ளைக்கருவை ஒத்த புரதப்பொருள் எல்லாம் கலந்து கலங்கலாக இருக்கும். முதலில் கம்பி வலையிலும், அடுத்துத் துணியிலும் வடிகட்டுகிறார்கள். வலையின் கண் பெரிதாயின் தூள் இறங்கிவிடும். சிறிதாயின் அடைத்துக்கொண்டு சாறு நின்றுவிடும். துணியை இருவர் பிடித்து இடையிடையே உதறியவண்ணம் இருந்தனர். எத்துணை வடித்தாலும் கரைந்து கிடக்கும் அழுக்கு துணியில் தங்குவதில்லை. அதைப் பிரிப்பதற்கு நெருப்புத்தான் வேண்டும்.

நாம் கண்ட கொப்பரை ஏறத்தாழ 500 லிட்டர் சாறு கொள்வது. அடியில் காய்ந்த கரும்புச் சக்கையே விறகு. சாறு சூடேறத் தொடங்கியதும் பெரியவர் ஒரு குடத்தைக் கொண்டுவரச் செய்தார். வெண்டைச் செடியின் தண்டையும் வேரையும் நசுக்கி நீரில் ஊறவைத்துப் பிசைந்த கொழகொழப்பான சாறு அதில் இருந்தது. அதை ஊற்றிக் கலக்கினார். சிறிது சுண்ணாம்புத் தெளிவு நீரும் சேர்த்தார். சாற்றின் புளிப்பைச் சுண்ணாம்பு தணிக்கும். மிகுந்தால் நிறத்தைக் கறுக்கடிக்கும். ஆதலால் அதை அளக்கும்போது அவர் யாருடனும் பேசவில்லை.

பிறகு நிகழ்ந்ததைக் காணக் கண் ஆயிரம் வேண்டும். வெப்பம் ஏற ஏற, வெண்டையின் கொழகொழப்பு சாற்றிலுள்ள அழுக்கையெல்லாம் வலை வீசியதுபோல் பற்றிக்கொண்டு மேலே எழுகிறது. கரும்பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு போர்வை கொப்பரை முழுவதும் மூடிக்கொள்ளுகிறது. அதன் நடுவே ஓரிடத்தில் வெடிப்பு விழும். அந்நேரந்தான் நேரம். அதற்கு முன்பு எடுத்தால் அழுக்கு முழுவதும் திரண்டிராது. ஐந்து நிமிடம் தாழ்த்தால் கொதி வந்து போர்வையை உடைத்து, அழுக்கைச் சாற்றுக்குள்ளேயே திருப்பிக் கலக்கிவிடும். ஒருமுறை கலந்துவிட்டால் அதைப் பிரிக்க எந்த வடிகட்டியாலும் ஆகாது. பெரியவர் அடுப்பில் சக்கை போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, நீண்ட காம்புள்ள சல்லிக்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல ஒதுக்கி ஒதுக்கி அள்ளினார். அவர் கை நடுங்கவில்லை. அள்ளியதை ஒரு தகரத்தில் கொட்டினார்கள்.

"இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர், பெரியவரே?" என்று கேட்டோம்.

"மட்டி என்போம். உங்கள் பக்கம் மண்டி என்பார்கள் அல்லவா, தம்பி?" என்றார்.

ஆம், அடியில் தங்கும் கசடுக்கு மண்டி என்றே பெயர். வெல்லம் விற்கும் மொத்தக் கடைக்கும் நாம் மண்டி என்றே சொல்லுகிறோம். இரண்டும் வெவ்வேறு சொல்லாய்த்தான் இருக்க வேண்டும். ஆயினும் பின்னர்ப் பெரியவர் சொன்ன விலைக் கணக்கைக் கேட்டபோது, சொற்கள் ஒத்திருப்பதில் நியாயம் இருக்கிறது என்று நமக்குத் தோன்றியது.

முதல் அழுக்கு நீங்கிய பின் தீயை ஓங்க விட்டார்கள். மேலும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சிறிது வெண்டைச் சாறு தெளித்து, நுரை எடுத்தார்கள். பாகு பொங்கி விளிம்பை மீறப் பார்க்கும்போது ஆமணக்கெண்ணெய் சில துளி விட்டால் அடங்கிவிடுகிறது. மூன்று மணி நேரம் ஆயிற்று. நீரில் விட்ட துளி கரையாமல் உருண்டு நின்றதும், கொப்பரையை இறக்கி மரத்தொட்டியில் ஊற்றித் துடுப்பால் கிளறினார்கள். அப்போது பாகின் வெப்பம் கொதிநீரினும் மிகுதி. 118 பாகைக்கு அண்மையில் இருக்கும் என்று நூலோர் கணக்கிடுவர். 100 கிலோ கரும்புக்குப் பத்துக் கிலோ வெல்லம், நல்ல கரும்பாயின் அதற்கு மேல் ஒன்றிரண்டு. அந்தக் கொப்பரையிலிருந்து 90 கிலோ தேறியது. ஆறிய உருண்டையின் நிறம் தேன் கலந்த பழுப்பு. வாயில் போட்டால் கரும்பின் மணம் முதலிலும் இனிப்பு பின்னரும் தெரிந்தது.

இத்தனை பாடு பட்டு எடுத்த வெல்லத்தை மண்டியில் 'நல்ல' வரிசையில் வைத்துவிடுகிறார்கள்! மஞ்சளுக்கு ஒரு விலை. பழுப்புக்கு அதனினும் தாழ்ந்த விலை. வாங்குவோர் கண் மஞ்சளையே தேடுகிறது. ஆதலால் பல ஆலைகளில் வெண்டைத் தண்டு இடிப்பதும் இல்லை, பொறுமையாக நுரை எடுப்பதும் இல்லை. ஹைட்ராஸ் எனப்படும் ஒரு வெள்ளைப் பொடியைக் கைப்பிடியளவு அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். சோடியம் ஹைட்ரோசல்பைட் என்பது அதன் முழுப்பெயர். துணிச் சாய ஆலைகளில் நிறம் போக்கப் பயன்படும் பொருள் அது. போட்டவுடன் கறுத்த பாகும் மஞ்சளாக மாறிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வெண்டைச் சாறு அழுக்கை வெளியே எடுக்கிறது. ஹைட்ராஸ் எதையும் வெளியே எடுப்பதில்லை. அழுக்கு இருக்கும் இடத்திலேயே இருக்க, அதன் நிறத்தை மட்டும் மறைக்கிறது. போதாக்குறைக்குக் கந்தகத்தின் எச்சத்தையும் விட்டுச்செல்கிறது. அம்மறைப்பும் நிலைப்பதன்று, சில வாரங்களில் காற்றுப்பட்டு மஞ்சள் மங்கிக் கறுக்கத் தொடங்கும். பொங்கலுக்கு முன்னர் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இத்தகைய வெல்லத்தைப் பறிமுதல் செய்த செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் வருவதுண்டு. கந்தக எச்சம் ஈளை நோயுள்ளவர்க்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக் கூடும் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. நம் இளைய மகனுக்கு அந்நோய் உண்டு. அது வெல்லத்தால் வந்தது என்று சொல்ல நாம் துணியோம்; அவன் பிறந்ததிலிருந்தே உள்ளது. ஆயினும் அவன் கையில் ஓர் உருண்டையைக் கொடுக்கும் முன் அது எந்தக் கொப்பரையில் வெந்தது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

கறுத்ததெல்லாம் தூயது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டா. தீ மிஞ்சினாலும், சுண்ணாம்பு கூடினாலும், உவர் நிலத்துக் கரும்பானாலும், நுரை எடுக்கச் சோம்பினாலும் வெல்லம் கறுக்கும். அதற்கும் பெரியவரின் பழுப்புக்கும் வேறுபாடு உண்டு. கண்ணால் மட்டும் பிரித்தறிய இயலாது என்பதுதான் தொல்லை.

கொப்பரையில் கசடு பிரிக்கும் இத்தொல்லை கரும்புக்கு மட்டும் உரியதன்று. மேலைநாடுகளில் வாற்கோதுமையை முளைகட்டி, அதன் சாற்றைக் காய்ச்சிப் பீர் என்னும் பானம் செய்கிறார்கள். சட்டம் இடம் தரும் நாடுகளில் வீட்டிலேயே காய்ச்சுவோரும் மிகுதி. மதுவிலக்கில் பற்றுள்ள அன்பர்கள் பொறுத்தருள்க. நாம் பேசுவது அவர்கள் குடிப்பதைப் பற்றியன்று, வடிப்பதைப் பற்றி. ஸ்ரீ சிட்டிக்கு வேலையாக வந்த பொறியாளர் ஒருவர் இரயிலுக்குக் காத்திருந்த வேளையில் இதை நமக்கு விளக்கினார். கசப்புக்காகவும் கெடாமைக்காகவும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைக் கொப்பரையில் போடுவார்களாம். நம் நாட்டிலும் இமாசலத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் அது விளைகிறது. காய்ச்சி முடிந்ததும் அந்தப் பூவும், திரண்ட புரதக் கசடும் கொப்பரையில் நிற்கும். சல்லடை வைத்தால் அடைத்துக்கொள்ளும். வைக்காவிட்டால் எல்லாம் இறங்கிவிடும். பெரியவரின் துணியில் நாம் கண்ட அதே வழக்கு!

அவர்கள் கண்ட வழிகள் மூன்று. முழுப் பூவாகப் போட்டால், அப்பூவே அடியில் படுகையாகத் தங்கி வடிகட்டியாகிவிடுகிறது. நம் வீட்டுக் காப்பி வடிகட்டியில் பொடியே பொடியைத் தடுத்து நிறுத்தவில்லையா? அதைப் போல. இரண்டாவது, அடுப்பணைக்கச் சற்று முன்பு ஒருவகைக் கடற்பாசியைப் போடுவது. அதன் கொழகொழப்பு கசடைத் திரட்டுகிறது. வெண்டையும் கடற்பாசியும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் ஒரே தொழிலைச் செய்கின்றன. மூன்றாவது வழிதான் வியப்பு. காய்ச்சிய சாற்றைத் துடுப்பால் வட்டமாகச் சுழற்றிவிட்டு, அசையாமல் விட்டுவிடுகிறார்கள். கசடு ஓரத்திற்கு ஓடாமல் நடுவில் கூம்பாகக் குவிகிறது. ஓரத்துக் குழாயைத் திறந்தால் தெளிவு மட்டும் இறங்குகிறது. தேநீர்க் குவளையில் கலக்கினால் இலைத்துணுக்குகள் நடுவில் கூடுவதும் இதுவே. 1926-இல் ஐன்ஸ்டீன், ஆறுகள் வளைவது ஏன் என்று ஆராய்ந்த கட்டுரையில் இதற்கும் விளக்கம் தந்தார். அடித்தட்டின் உராய்வால் அங்குள்ள நீர் வேகம் குறைந்து நடுவை நோக்கி நகர, துணுக்குகளும் அதனோடு இழுபடுகின்றன. பீரில் கசடு கீழே அமரும். நம் வெல்லத்தில் மேலே எழும். ஆகவே அவர்களுக்குக் கொதித்த பின் பொறுமை வேண்டும். நமக்குக் கொதிக்கும் முன் விழிப்பு வேண்டும்.

இன்னொன்றும் அவர் சொன்னார். 1516-ஆம் ஆண்டிலேயே பவேரியா நாட்டில், பீரில் வாற்கோதுமையும் ஹாப்ஸும் நீரும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் செய்தார்களாம். குடிக்கும் பொருளுக்கே அத்தனை காவல்!

நம் பக்கத்தில் சாராயம் வெல்லத்தை வேறு வகையில் தொட்டது. கறுத்த வெல்லம் மலிவு. ஆதலால் திருட்டுச் சாராயம் காய்ச்சுவோர் அதையே வாங்கி ஊறல் போடுகிறார்கள். 1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயத்தை எதிர்த்துக் கிளம்பியதும், 1995-இல் ஆந்திரத்தில் முழு மதுவிலக்கு வந்ததும், 1997-இல் அது தளர்ந்ததும் முதியோர்க்கு நினைவிருக்கும். அன்று முதல் இன்று வரை கறுப்பு வெல்ல மூட்டை என்றால் அதிகாரிகளுக்கு ஐயம் பிறக்கிறது. சாராயம் காய்ச்சுவோரைப் பிடிப்பது வேண்டியதே. அப்பெண்களின் பக்கம் நியாயம் இருந்தது என்பதில் நமக்கு மாறுபாடு சிறிதும் இல்லை. ஆனால் ஹைட்ராஸ் போடாத உழவனின் மூட்டையும் அதே நிறந்தானே? "பொடி போட்டால் வெல்லத்துக்குக் குற்றம், போடாவிட்டால் எனக்குக் குற்றம்" என்று பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை.

அவர் மகன் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மாவட்டத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் மூடப்பட்ட பிறகு அக்கம்பக்கத்தார் பலர் கரும்பை விட்டு மாங்கன்று வைத்துவிட்டனர். நுரை எடுக்கத் தெரிந்த கை அவ்வூரில் இரண்டுதானாம். ஒன்று அவருடையது.

தாய்மார்கள் செய்யக் கூடியது என்ன என்று கேட்கலாம். நம் பாட்டிமார் வெல்லத்தை அப்படியே பொங்கலில் போட்டதில்லை. தூளாக்கி, சிறிது நீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, மெல்லிய துணியில் வடித்த பிறகே சேர்த்தார்கள். பாத்திரத்தைச் சாய்க்குமுன் சற்று நேரம் அசையாமல் வைத்தால் மணலும் தூளும் அடியில் தங்கும். கடைசி ஒரு கரண்டியை விட்டுவிட வேண்டும். இதனால் மண் போகும். கந்தகம் முழுவதும் போகும் என்று சொல்வதற்கில்லை. வாங்கிய வெல்லத்தில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து ஒரு மாதம் கவனியுங்கள். மஞ்சள் விரைவில் மங்கிக் கறுத்தால், அடுத்த முறை அக்கடையில் கேள்வி கேட்கலாம்.

சென்ற தையில் நம் குடும்பங்கள் பதினான்கு சேர்ந்து பெரியவரிடம் 60 கிலோ தருவித்தோம். பொங்கல் கறுத்திருந்தது என்று மூன்று வீட்டில் குறை சொன்னார்கள். ஒரு வீட்டுக் குழந்தைகள் உண்ண மறுத்தார்களாம். நம் இல்லத்தார், "மணத்தை மூடிக்கொண்டு நிறத்தைப் பார்த்தால் அப்படித்தான்" என்றார்கள். எஞ்சியவர்கள் மறுபடியும் கேட்கிறார்கள். ஆனால் ஒரு கொப்பரைக்குக் குறைந்து காய்ச்ச இயலாது. சென்ற முறை மிஞ்சிய 30 கிலோவைப் பெரியவர் மண்டியில் கறுப்பு விலைக்கே தள்ளிவிட்டார். அந்த இழப்பை நம்மிடம் அவர் சொல்லவில்லை, மகன் சொன்னான்.

வரும் தைக்கு இன்னும் ஆறு ஏழு குடும்பங்கள் சேர்ந்தால் கொப்பரை நிறையும். பெயரையும் எடையையும் நம்மிடம் எழுதிக் கொடுத்தால் போதும். திருப்பதியிலிருந்து மூட்டையைக் கொண்டுவரும் பொறுப்பு நம்முடையது. மார்கழியில் சொன்னால் ஆகாது. கொப்பரைக்கு வேண்டிய வெண்டையை அவர் வரப்பில் ஐப்பசியிலேயே விதைத்தாக வேண்டுமாம். விதைப்பதா வேண்டாவா என்று மகனிடம் இரண்டு முறை கேட்டனுப்பியிருக்கிறார்.